மதிப்பிடும் முன் மதிப்போம்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாவையொட்டி ஆலயத்தின் பக்கச் சுவரில் ஒரு பெரிய படம் வரையலாம் என்று பங்குப் பேரவையில் முடிவாயிற்று. கிணற்றடியில் இயேசுவும் சமாரியப் பெண்ணும் உரையாடும் காட்சி. அதற்காக அழைக்கப்பட்டவர், தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையோரக் கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவர். டிஜிட்டல் பேனர் வந்தபிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கூலி பேசும்போது நாமும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தோம். "கோயில் வேலைதானே" என்றோம். அவரும் சரி என்றார்.

பத்து நாள் சாரத்தின்மேல் நின்று வரைந்தார். அவர் வரைந்த பெண், நம் தெருக்களில் தண்ணீர் லாரிக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் போலவே இருந்தாள். கறுத்த முகம், இடுப்பில் குடம், கண்களில் களைப்பு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் கூடிப் பார்த்தார்கள். "முகத்தில் களையே இல்லையே" என்றார் ஒருவர். "கொஞ்சம் சிவப்பாகப் போடக் கூடாதா?" என்றார் இன்னொருவர். "காலண்டரில் எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றார் மூன்றாமவர். எதிர்த்து ஒரு சொல் சொல்ல நமக்கும் துணிவு வரவில்லை. மாற்றிவிடுங்கள் என்று நாமே போய்ச் சொன்னோம். மறுநாள் அந்த முகம் வெளுத்தது. களைப்பு போய்ப் புன்னகை வந்தது. படத்தின் கீழே உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றபோது, அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "வேண்டாம் ஃபாதர், இது நீங்க சொன்ன படம்" என்றார்.

அந்தப் பதில் இன்றுவரை நம்மை விட்டு நீங்கவில்லை. ஒரு படைப்பைப் பார்த்து நன்று, நன்றன்று என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? கலைஞர் என்பவர் நமக்கு யார்? கூலி வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்பவரா? அல்லது நாம் காணத் தவறியதை நமக்குக் காட்டுபவரா?

இந்தக் கேள்விகளைச் சென்னை ஓவியர்கள் சிலர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டார்கள். விடையை வாழ்ந்து காட்டவும் முயன்றார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து வடக்கே திரும்பினால், ஈஞ்சம்பாக்கத்தில் அவர்கள் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை இன்றும் காணலாம். அவர்களது அனுபவம் நமக்குப் பாடமாக அமைய முடியும்.

விமர்சகர் இல்லாத ஊர்

அந்தக் கிராமத்தை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தைக் காக்க இளம் வயதிலேயே வேலைக்குப் போனார். இருபத்தைந்து வயதுக்குப் பிறகே சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவரே. அந்தச் சிலையை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அதைச் செய்தவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? 1957இல் அவருக்குப் பின் பணிக்கர் முதல்வரானார்.

அக்காலத்தில் ஓவியத்தைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், டெல்லி நகரங்களைச் சுற்றியே இருந்தன. சென்னையில் கச்சேரிக்கும் நாட்டியத்திற்கும் விமர்சனம் எழுத ஆள் இருந்தது. ஓவியக் கண்காட்சிக்கு வருபவர்களே குறைவு. வந்தவர்களில் பலர் "இது என்ன படம்? ஒன்றும் புரியவில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு கலைஞருக்குக் கடுமையான விமர்சனத்தைவிட வேதனை தருவது மௌனம்தான். தவறு என்று சொல்பவர் குறைந்தபட்சம் பார்த்திருக்கிறார். பாராமலே கடந்து போகிறவரிடம் கலைஞர் என்ன பேச முடியும்? எனவே பணிக்கரும் நண்பர்களும் தாங்களே பேச முன்வந்தார்கள். 1944இல் அவர்கள் தொடங்கியிருந்த முற்போக்கு ஓவியர் சங்கத்தின் சார்பில், 1961இல் 'ஆர்ட் டிரெண்ட்ஸ்' என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. இந்திய ஓவியன் ஐரோப்பாவைப் பார்த்து எழுதினால் அது கடன் வாங்கிய குரல். அஜந்தாவை மட்டும் திரும்ப வரைந்தால் அது பழைய குரல். அப்படியானால் நம் காலத்தின் குரல் எது? இதுவே அந்தத் தலைமுறையின் முதன்மையான கேள்வி.

திறனாய்வு என்றால் என்ன?

தமிழருக்கு விமர்சனம் புதிதல்ல. பாட்டில் குற்றம் இருந்தால் பாடியவர் இறைவனே ஆனாலும் விடமாட்டேன் என்று நின்ற நக்கீரரின் கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நூலை அவையில் அரங்கேற்றி, கற்றோரின் ஒப்புதல் பெறுவதும் நம் மரபு. ஆனால் அந்தக் கதையிலிருந்து நாம் பெரும்பாலும் கற்றுக்கொண்டது குற்றம் கண்டுபிடிப்பதை மட்டுமே. பாட்டை முழுதும் கேட்ட பிறகே நக்கீரர் வாய் திறந்தார் என்பதை மறந்துவிட்டோம்.

திறனாய்வு என்ற சொல்லே வழி காட்டுகிறது. திறனை ஆய்வது அது. படைத்தவர் எதைச் செய்ய முயன்றார், அதற்கு எந்த வழியைத் தேர்ந்தார், அது எந்த அளவுக்குக் கைகூடியது என்று படிப்படியாகப் பார்ப்பதே திறனாய்வு. எனக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது அதன் தொடக்கமாகலாம். முடிவாக முடியாது.

பணிக்கரின் ஓவியங்களையே எடுத்துக்கொள்வோம். 1963 முதல் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் வரைந்தார். அவற்றில் மலையாள எழுத்துக்களைப் போன்ற வரிகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டத்தைப் போன்ற கட்டங்கள், மீன், பறவை போன்ற சிறு உருவங்கள் நிறைந்திருக்கும். வாசிக்க முயன்றால் பொருள் கிடைக்காது. "குழந்தை நோட்டில் கிறுக்கியது போல இருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் சொல்வது முற்றிலும் பொய்யும் இல்லை.

ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். ஓலைச்சுவடியும் ஜாதகமும் நம் வீடுகளில் இருந்தவை. நம் முன்னோரில் பலருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்தின் வடிவமே அவர்களுக்கு ஓர் அச்சத்தையும் நம்பிக்கையையும் தந்தது. பணிக்கர் எழுத்தின் பொருளை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் நம் முன் வைக்கிறார். கோடுதான் நம் மண்ணின் ஓவிய மொழி, கோலத்திலும் சுவடியிலும் இருப்பது கோடுதான் என்று உணரும்போது கிறுக்கல் பேசத் தொடங்குகிறது. இவ்வளவையும் கேட்ட பிறகும் ஒருவர், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லலாம். அதில் தவறில்லை. ஆனால் இப்போது அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

உழைத்து உண்ட ஓவியர்கள்

பணிக்கரை வாட்டிய இன்னொரு கவலை, தம் மாணவர்களின் எதிர்காலம். கல்லூரியில் திறமையோடு வரைந்தவர்கள் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய், ஓவியத்தையே கைவிட்டார்கள். படம் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இருந்தாலும் அவர்கள் கேட்பதை வரைய வேண்டும். பசியா, அடிமைத்தனமா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. கைவினைப் பொருள் செய்து விற்போம். அதில் வரும் பணத்தில் வாழ்வோம். ஓவியத்தை எவருக்காகவும் வளைக்க மாட்டோம். பாத்திக் துணி, உலோக வேலை, பீங்கான், தோல் வேலை என்று பலவற்றைச் செய்தார்கள். அதில் சேர்த்த பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினார்கள். அன்று அது மணலும் சவுக்குமாக இருந்த இடம். நகரத்திலிருந்து வெகு தொலைவு. கீற்றுக் குடிசைகளில் தொடங்கி வீடு கட்டினார்கள். கூடத்தையும் காட்சி அறையையும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். அரசின் நிழலையோ செல்வரின் தயவையோ நம்பி அந்தக் கிராமம் எழவில்லை. சுல்தான் அலி, ஜானகிராம், எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரின் மகன் நந்தகோபால் எனப் பெயர் பெற்ற பலர் அங்கிருந்து வந்தார்கள். தகட்டை அடித்து, கம்பியை இணைத்து ஜானகிராம் செய்த சிற்பங்களில் பிள்ளையாரும் உண்டு, கிறிஸ்துவும் உண்டு.

இதைப் படிக்கும்போது நமக்குக் கொரிந்து நகரம் நினைவுக்கு வராமல் இருக்காது. புனித பவுல் அங்கே அக்கிலா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. யாருக்கும் சுமையாக இராமல், எவருடைய முகத்துக்கும் அஞ்சாமல் நற்செய்தியைச் சொல்ல அவரது கைத்தொழில் உதவியது. சோழமண்டல ஓவியர்களுக்கும் கைவினை அத்தகைய விடுதலையைத் தந்தது. சமுதாயத்திடம் அவர்கள் பிச்சை கேட்கவில்லை. வந்து பாருங்கள் என்று மட்டுமே கேட்டார்கள்.

தாம்பரத்திலிருந்து போன பேராசிரியர்

அப்படி வந்து பார்த்தவர்களில் ஒருவர் நம் பகுதியைச் சேர்ந்த கல்லூரியின் ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர் ஜோசப் ஜேம்ஸ். ஓவியம் அவரது பாடம் அல்ல. ஆனாலும் சென்னைக் கலைஞர்களோடு நெருங்கிப் பழகி, அவர்களது படைப்புகளைப் பற்றிப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். தென்னகச் சிற்பிகளைப் பற்றி அவர் தொகுத்த நூல் 1993இல் வந்தது. 'சென்னையின் உருவகம்' என்று பொருள்படும் துணைத்தலைப்பை அதற்குக் கொடுத்தார். சோழமண்டலத்தைப் பற்றிய அவரது நூல் 2004இல் வெளியானது. சென்னைக் கலை இயக்கம் என்று இன்று பலரும் பேசுவதற்கான சொற்களை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு நல்ல விமர்சகர் நீதிபதியின் நாற்காலியில் அமர்வதில்லை. அண்டை வீட்டாரைப் போல வந்து போகிறார். கலைஞரின் முயற்சியை அறிந்திருப்பதால் அவர் குறையைச் சொல்லும்போதும் அது உதவியாகிறது. பாராட்டும்போதும் அது முகத்துதியாவதில்லை. பட்டம் பெற்றவர்தான் அப்படி ஆகலாம் என்பதும் இல்லை. பொருளாதார ஆசிரியர் ஒருவரால் முடிந்தது, பொறுமையோடு பார்க்க விரும்பும் எவராலும் முடியும்.

இடம் கிடைக்காத கலைஞர்

ஆனால் ஒரு கிராமத்தால் எல்லாக் காயங்களையும் ஆற்றிவிட முடியாது. கே. இராமானுஜம் என்ற இளைஞர் பேச்சிலும் மனநிலையிலும் இடர்ப்பட்டவர். வெளியுலகம் அவரைக் கேலிப் பொருளாகவே பார்த்தது. பணிக்கர் அவருக்குள் இருந்த கலைஞரைக் கண்டு கல்லூரியில் இடம் தந்தார். இராமானுஜம் சோழமண்டலத்தில் வாழ்ந்தார். மெல்லிய மைக்கோடுகளால் மாளிகைகளும் பாம்புகளும் தேவதைகளும் நிறைந்த கனவு நகரங்களை வரைந்தார். நிஜ நகரத்தில் கிடைக்காத இடத்தை அந்தக் கனவு நகரத்தில் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இன்று அவரது ஓவியங்கள் ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. உயிரோடு இருந்தபோது ஒருவரை விலக்கி வைத்துவிட்டு, இறந்த பின் அவரது படத்துக்கு விலை கொடுப்பதால் நம் கடன் தீர்ந்துவிடுமா? கலைஞருக்குச் சமுதாயத்தில் இடம் என்பது விருதும் மாலையும் மட்டும் அல்ல. அவர் பேச்சு தடுமாறினாலும் காத்திருந்து கேட்கும் ஒரு மனிதர் பக்கத்தில் இருப்பதும் அந்த இடம்தான்.

நாமும் விதிவிலக்கல்ல

திருச்சபை இதில் நல்ல முன்மாதிரியாகவே இருந்துவந்தது என்று நாம் பெருமை பேச முடியாது. கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ த பொன்சேகா சாந்திநிகேதனில் பயின்ற கத்தோலிக்க ஓவியர். அன்னை மரியாவை இந்தியப் பெண்ணாக, சேலை உடுத்தியவராக வரைந்தார். அன்றைய கோவாவில் அதற்குக் கிடைத்தது எதிர்ப்பு. அவர் ஊரை விட்டு நீங்கிப் புனேயில் உள்ள ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். 1967இல் இறந்தார். இன்று அவரது ஓவியங்களைக் கோவாவிலேயே போற்றுகிறார்கள். நாம் சமாரியப் பெண்ணின் முகத்தை வெளுக்கச் சொன்னதும் அந்தப் பழைய தவற்றின் சிறிய மறுபதிப்பே.

இதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 1964 மே 7ஆம் நாள் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்தபோது, திருச்சபை அவர்கள்மேல் பெரும் பாரத்தைச் சுமத்தியதையும், தரம் குறைந்த மலிவான படங்களை நாடிப் போனதையும் சொல்லி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா அன்று கலைஞர்களுக்கென்றே ஒரு மடல் எழுதி, திருச்சபைக்குக் கலை தேவை என்று உறுதியாகச் சொன்னார்.

விவிலியத்திலும் இந்த உண்மை மறைக்கப்படவில்லை. சீராக்கின் ஞானம் நூலின் 38ஆம் அதிகாரம் முத்திரை செதுக்குபவரையும் கொல்லரையும் குயவரையும் பற்றிப் பேசுகிறது. இவர்கள் இல்லாமல் எந்த நகரும் இயங்காது என்கிறது. ஆயினும் மக்கள் மன்றத்தில் இவர்களை யாரும் தேடுவதில்லை, இவர்களுக்கு அங்கே இருக்கை இல்லை என்றும் கூறுகிறது. இவர்களது வேலையே இவர்களது மன்றாட்டு என்று அந்தப் பகுதி முடிகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன் எழுதப்பட்ட அந்த வரிகளில் நம் ஜி.எஸ்.டி. சாலை ஓவியரையும் நாம் காண்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, தீர்ப்புச் சொல்லும் முன் நேரம் கொடுப்போம். ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் அமைதியாக நிற்போம். "ஏன் இப்படி வரைந்தீர்கள்?" என்று படைத்தவரிடமே கேட்போம். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, அறிய விரும்பும் குரலில் கேட்போம். நாமும் அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தக் கறுத்த முகம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, உரிய கூலியைக் கொடுப்போம். தச்சருக்கும் மின்பணியாளருக்கும் பேரம் பேசாமல் கொடுக்கும் நாம், ஓவியரிடமும் பாடகரிடமும் மட்டும் "இறைவனுக்காகத்தானே" என்று சொல்வது நீதியாகாது.

மூன்றாவது, பெயரை எழுதுவோம். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கடற்கரைச் சிற்பங்களைச் செதுக்கியவர்களின் பெயர்களாக அவை கருதப்படுகின்றன. மன்னர்களின் பட்டப்பெயர்களுக்கு நடுவே ஊருக்கு வெளியே ஒரு பாறை மட்டும் உழைத்தவர்களை நினைவில் வைத்திருக்கிறது. நம் ஆலயங்களில் நன்கொடையாளரின் பெயர் மின்விசிறியிலும் உண்டு. பீடத்தைச் செதுக்கியவரின் பெயர் எங்கே?

நான்காவது, நம் பிள்ளைகளை ஒருமுறையாவது சோழமண்டலத்துக்கு அழைத்துச் செல்வோம். சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009 முதல் அங்கே இருக்கிறது. புரியாத படத்தின் முன் நிற்கப் பழகிய பிள்ளை, புரியாத மனிதரின் முன்னும் பொறுமையோடு நிற்கும்.

அந்தச் சுவர் பின்னர் ஒரு முறை வெள்ளையடிக்கப்பட்டபோது நாம் வரையச் சொன்ன படமும் மறைந்துவிட்டது. அதற்காக எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. காலண்டரில் இருப்பதைச் சுவரிலும் பார்த்தவர்கள் அதை இழந்ததாக எப்படி உணர்வார்கள்? ஆனால் சில மணி நேரமே இருந்த அந்தக் களைத்த கண்கள் மட்டும் நம் நினைவில் அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை ஒரு கலைஞர் தாம் கண்டதை நம் முன் வைக்கும்போது, மாற்றச் சொல்லும் முன் ஒரு முறை உற்றுப் பார்ப்போம். மதிப்பிடும் முன் மதிக்கக் கற்றுக்கொள்வோம்.